கால்பந்துச் சீமையில் நாலு நாள் ஹாக்கிப் பேச்சு

முன்பெல்லாம் பள்ளிக்கூட ஹாக்கி அணியில் ஒன்றாக ஆடிய எங்கள் ஐந்து பேரைச் சேர்த்து வைத்தது எங்கள் ஊர் கோவில்பட்டியில் நடக்கிற லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி. எந்த ஊரில் வேலையில் இருந்தாலும் அந்த நாட்களில் லீவு சொல்லிவிட்டு கேலரியில் வந்து உட்கார்ந்துவிடுவோம். 2024 டிசம்பரில் ஹாக்கி இந்தியா லீக் மறுபடியும் உயிர் பெற்ற பிறகு இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. சீசனுக்கு முன்னால் ஐந்து பேரும் கூடி, யார் அணி எத்தனையாவது இடம் வரும் என்று ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதைக் கோலியிடம் ஒப்படைப்பது. அவன் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பான்.

எங்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. பள்ளிக்கூட அணியில் நின்ற இடம்தான் பெயர். கோலி, ஃபுல் பேக், சென்டர் ஹாஃப், ரைட் அவுட். நான் லெஃப்ட் ஹாஃப். செயற்கைப் புல் டர்ஃபில் ஆடுகிற இன்றைய பையன்கள் வேறு பெயர்கள் வைத்திருக்கிறார்கள். எங்களுக்குக் கட்டாந்தரையில் கற்றுக்கொடுத்த சார் சொன்ன பெயர்களே எங்களுக்கு ஒட்டிக்கொண்டன.

ரைட் அவுட் நாகர்கோவிலில் பெண் எடுத்தவன். இப்போது வேலையும் அங்கேயே. "இந்தத் தடவை எங்க வீட்டுல கூடுவோம்டே, ஊரும் பாத்த மாதிரி இருக்கும்" என்றான். போனோம். ஊர் திரும்பி ஐந்து நாள் ஆகிறது. கால் வலி இன்னும் போகவில்லை. எழுதி வைத்துவிடுகிறேன்.

2025 டிசம்பர் 19, வெள்ளி: நாகர்கோவில்

ஃபுல் பேக்கின் காரில் விடிகாலையில் கிளம்பினோம். வள்ளியூர் தாண்டும் வரை வறண்ட காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்ததும் இன்னொரு நாட்டுக்குள் போவது போலப் பச்சை. மலையில் மேகம் படுத்துக் கிடந்தது. காற்றாலைகள் ஆடி மாசத்து வேகத்தில் இல்லை, சோம்பலாகத் திரும்பிக்கொண்டிருந்தன. நாகர்கோவிலை எட்டும்போது தூறல்.

வீடுகளின் வாசலில் எல்லாம் நட்சத்திரம். எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இங்கே ஒரு தெருவுக்குள் முப்பது, நாற்பது. இருமுடியோடு போகிற ஐயப்ப சாமிகள் அந்த நட்சத்திரங்களுக்குக் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் வடசேரிப் பக்கம் ஒரு டீக்கடைக்கு ரைட் அவுட் கூட்டிப்போனான். ரசவடை சாப்பிடாமல் நாகர்கோவிலில் இருந்து யாரையும் அனுப்பக் கூடாதாம். பருப்புவடையைச் சூடான ரசத்தில் ஊறப்போட்டுத் தருகிறார்கள். வடை உடையவும் கூடாது, உள்ளே வரை ரசம் ஏறியும் இருக்க வேண்டும். ஒன்று 12 ரூபாய். நான் மூன்று சாப்பிட்டேன். கடைக்காரர் மூன்றாவதை வைக்கும்போது கேட்காமலே இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். "தூரத்துலேருந்து வாறியளோ?" என்று மட்டும் கேட்டார்.

அங்கேயே பேச்சு தொடங்கிவிட்டது. எங்கள் ஐவரில் லீக்கின் தமிழ்நாட்டு அணியான தமிழ்நாடு டிராகன்ஸுக்கு நிற்பது நானும் கோலியும்தான். ஃபுல் பேக் ஹைதராபாத் தூஃபான்ஸ். காரணம் ஒரே ஆள், கோன்சாலோ பெய்யாட். 2016 ரியோவில் அர்ஜென்டினாவுக்குத் தங்கம் வாங்கித் தந்து, பிறகு ஜெர்மனிக்கு ஆடி 2023-ல் உலகக் கோப்பையும் தூக்கிய டிராக் ஃப்ளிக்கர், அதாவது பெனால்டி கார்னரில் பந்தை ஸ்டிக்கால் இழுத்துச் சுண்டிக் கோலுக்குள் அனுப்புகிறவர். 2024 ஏலத்தில் அவருக்குத் தூஃபான்ஸ் கொடுத்தது 68 லட்சம். கோலுக்குப் பக்கத்தில் செய்கிற தவறுக்காக எதிரணிக்குக் கிடைக்கிற அடிதான் பெனால்டி கார்னர். வாழ்நாள் முழுக்க அதற்கு எதிரே ஓடி ஓடித் தொடையில் பந்து வாங்கிய ஃபுல் பேக்குக்கு அந்த அடியின் மதிப்பு தெரியும். ரைட் அவுட் சில வருஷம் கொல்கத்தாவில் இருந்தவன், துறை அணிக்காக அங்கே பெய்ட்டன் கோப்பை ஹாக்கியில் ஆடியவன். அதனால் வங்காளப் புலிகள். போன சீசன் சாம்பியனும் அவர்கள்தான். 2025 பிப்ரவரி 1 அன்று ரூர்கேலாவில் இறுதிப் போட்டி, தூஃபான்ஸை 4-3 என்று முடித்தார்கள். ஜுக்ராஜ் சிங் மூன்று கோல். அந்த மூன்றையும் ரைட் அவுட் ரசவடைத் தட்டில் விரலால் வரைந்து காட்டினான். ஃபுல் பேக் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சென்டர் ஹாஃப் மட்டும் பேசவில்லை. ராணுவத்தில் இருந்தபோது லக்னோவில் கே.டி.சிங் பாபு பெயரில் இருக்கிற மைதானத்தில் ஆடியிருக்கிறான். 1952 ஹெல்சிங்கி தங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் பாபு. அந்த மண்ணின் பற்றால் உ.பி. ருத்ராஸ் அவன் அணி. அந்த அணியின் உரிமையாளர்கள் இந்த சீசனுக்கு வேண்டாம் என்று விலகிவிட்டார்கள். இப்போது லீக்கின் நிர்வாகக் குழுவே அந்த இடத்தில் ஓர் அணியை நடத்துகிறது. "எனக்கு இந்த வருஷம் டீம் இல்லடே" என்று காரில் வரும்போதே சொல்லியிருந்தான். நாங்கள் கேலி செய்யவில்லை. செய்யவும் முடியாது. 2005-ல் பிரீமியர் ஹாக்கி லீக் வந்தபோது சென்னை வீரன்ஸ் என்று கத்தினோம். 2012-ல் உலகத் தொடர் ஹாக்கியில் சென்னை சீட்டாஸ். இரண்டும் இன்று இல்லை. 2013 முதல் 2017 வரை ஐந்து வருஷம் நடந்த பழைய ஹாக்கி இந்தியா லீக்கில் தமிழ்நாட்டுக்கு அணியே கிடையாது. வீரன்ஸ் பனியன் ஒன்று என் வீட்டுப் பெட்டியில் இன்னமும் இருக்கிறது.

ராத்திரி ரைட் அவுட்டின் அத்தை இலை போட்டார். அவித்த மரச்சீனிக் கிழங்கு, சாளை மீன் குழம்பு, பிறகு சம்பா சோறும் உள்ளித் தீயலும். தேங்காயைக் கருக்க வறுத்து அரைத்த அந்தத் தீயலுக்கு எங்கள் பக்கத்தில் ஈடான குழம்பு இல்லை. "கொஞ்சம் கூட வைக்கட்டா மக்களே" என்று கேட்டுக்கொண்டே வைத்துவிடுகிறார். 'போதும்' என்கிற சொல் அந்த வீட்டில் செல்லாது.

டிசம்பர் 20, சனி: ஒரு பள்ளிக்கூட மைதானம், பிறகு கடற்கரை

காலையில் நடக்கப் போனேன். ஒரு பள்ளிக்கூடத்துச் செம்மண் மைதானத்தில் கால்பந்து ஆடுகிற பையன்கள் இருபது பேர். மூலையில் சுவரைப் பார்த்து இரண்டு பெண் பிள்ளைகள் ஹாக்கிப் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். கைப்பிடியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிய மர ஸ்டிக். நாங்களும் அப்படித்தான் சுற்றினோம். கால் நின்றுவிட்டது.

ஒன்பதாம் வகுப்பாம். மண்டலப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டோம் சார் என்றார்கள். ஒருத்திக்குத் தடுக்கும்போது இடது கை இறங்காமல் நின்றது, பந்து துள்ளிப் போனது. முட்டியை மடக்கி ஸ்டிக்கைத் தரையோடு படுக்க வைக்கச் சொன்னேன். நாலாவது முறை நின்றுவிட்டது. டிராகன்ஸ் பற்றிச் சொன்னேன். ஜனவரியில் சென்னையில் ஆடப்போகிறார்கள், முடிந்தால் அப்பாவிடம் கேட்டு வந்து பாருங்கள் என்றேன்.

"டிராகன்ஸுல லேடீஸ் டீம் உண்டுமா சார்?"

இல்லை. பெண்கள் லீக்கில் மொத்தமே நாலு அணிதான். தமிழ்நாட்டுக்கு ஒன்றும் இல்லை. இந்த வருஷம் அது டிசம்பர் 28-ல் ராஞ்சியில் தொடங்குகிறது. தமிழ்ப் பெண்கள் யாருக்காகக் கத்துவது? இரண்டு வருஷமாக டிராகன்ஸ், டிராகன்ஸ் என்று பேசித் திரிகிற எனக்கு அந்தக் கேள்வி ஒரு முறைகூடத் தோன்றியதில்லை. "சீக்கிரம் வரும்மா" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று வீடு வரும் வரைக்கும் உறுத்தியது.

மதியத்துக்கு மேல் குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர். ரைட் அவுட்டுக்குச் சின்ன மாமனார் முறை ஒருவர் அங்கே இருக்கிறார். அறுபத்தைந்து வயது இருக்கும். இருபது வருஷம் ஆழ்கடலுக்குப் போனவர், அந்த ஊர்க் கால்பந்துக் கிளப்பின் பழைய செயலாளர். கிறிஸ்துமஸை ஒட்டி அங்கே எழுவர் கால்பந்துப் போட்டி. வீட்டுக்குள் நுழைந்ததும் நெத்திலி அவியலும் கிழங்கும் வந்தன. தேங்காயும் மாங்காயும் அரைத்துப் போட்டு, குழம்பும் இல்லாமல் வறுவலும் இல்லாமல் ஒரு பதத்தில் இறக்கியிருந்தார்கள். கோலி மீனே தொடாதவன், அன்று தொட்டான்.

"நீங்க கம்பு வச்சு ஆடுற ஆளுவளா?" என்று மாமா கேட்டார். ஆமாம் என்றோம். "அதுல காலு வச்சா ஃபவுல், இல்லியா? எங்களுக்குக் கை வச்சா ஃபவுல்" என்றார். அதோடு இரண்டு ஆட்டத்துக்கும் சமாதானம் ஆகிவிட்டது.

மணலில் மைதானம். நாலு கம்பத்தில் விளக்கு. வீட்டிலிருந்து ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருகிறார்கள். வெளியூர்க்காரர்கள் என்று தெரிந்ததும் முன்வரிசையில் ஐந்து நாற்காலி காலியானது. யார் எழுந்தார்கள் என்று பார்த்து நன்றி சொல்லக்கூட விடவில்லை. கட்டன் சாயா கை மாறிக் கை மாறி வந்தது, காசு வாங்க ஆள் வரவே இல்லை. மணலில் பந்து உருளாது, எகிறும். அந்தப் பையன்கள் பந்தைத் தரையில் விடாமல் முட்டியிலும் நெஞ்சிலுமாகவே கொண்டுபோகிறார்கள். உப்புக் காற்று முகத்தில் அப்பிக்கொண்டே இருந்தது. என் கண்ணாடியைப் பத்து முறை துடைத்திருப்பேன்.

இடைவேளையில் எங்கள் பேச்சு மறுபடி டிராகன்ஸ் பக்கம் திரும்பியது. போன சீசனில் அரையிறுதி வரை வந்தார்கள். வங்காளப் புலிகளிடம் ஷூட்-அவுட்டில் போயிற்று. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சூர்மா அணியிடமும் தோற்று நாலாவது. கோலியின் கட்சி, அணியில் குறை எதுவும் இல்லை, எட்டு விநாடி ஷூட்-அவுட்டில் தோற்பது தோல்வியே இல்லை என்பது. 23 மீட்டர் கோட்டிலிருந்து ஒருவன் பந்தோடு ஓடி வர, கோல்கீப்பர் தனியாக எதிர்கொள்கிற அந்த எட்டு விநாடியைப் பற்றி அவன் பேசினால் குரலே மாறிவிடும். அயர்லாந்தின் டேவிட் ஹார்ட் போன்ற ஒருவர் கோலில் நின்ற அணியை மட்டமாகப் பேசாதே என்றான்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஹார்ட்டில் குறையில்லை. டிராகன்ஸின் கோல்கள் பெனால்டி கார்னரை நம்பியே இருந்தன என்பது என் வாதம். யிப் யான்சனுக்கு 54 லட்சம் கொடுத்து எடுத்தார்கள். அவர் அடிக்கிற டிராக் ஃப்ளிக் கண்ணுக்குத் தெரியாது, கோல் பலகையின் சத்தம்தான் கேட்கும். ஆனால் எதிரணி அதைப் படித்துவிட்டால் அப்புறம் ஓட்டத்தில் கோல் போட ஆள் வேண்டும். அரியலூர் கார்த்தி செல்வம் மாதிரி 'டி' என்கிற கோல் முன்னால் இருக்கிற அரைவட்டத்துக்குள் பந்துக்குப் பசியோடு அலைகிறவர்களுக்குப் பந்து போக வேண்டும். கார்த்தியும் எங்கள் ஊர் மாரீஸ்வரன் சக்திவேலும் 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். அன்றைக்குக் கோவில்பட்டியில் டீக்கடைக்கு டீக்கடை அதே பேச்சு. தமிழ்நாட்டின் பெயரைச் சுமக்கிற அணியில் தமிழ்நாட்டுப் பையன்கள் எண்ணிக்கைக்கு மட்டும் இருந்தால் போதுமா?

ஃபுல் பேக் குறுக்கே வந்தான். 2016-லும் 2017-லும் லீக்கில் ஓட்டத்தில் போடுகிற ஃபீல்டு கோலுக்கு இரண்டு கோல் கணக்கு வைத்தார்களே, அதை மறுபடி கொண்டுவந்தால் உனக்குத் திருப்தியா என்றான். திருப்திதான் என்றேன். பெனால்டி கார்னர் ஒன்றும் இனாமாகக் கிடைப்பதில்லை, டிக்குள் நுழைந்து உயிரைக் கொடுத்து வாங்குகிறார்கள், அதைப் பாதியாக்குவது அநியாயம் என்று அவன் எழுந்தே நின்றுவிட்டான். பக்கத்து நாற்காலிக்காரர்கள் கால்பந்தை விட்டுவிட்டு எங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

மாமா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ஒங்க டீமு எந்த ஊருல ஆடும்?" என்றார்.

"போன சீசன்ல ரூர்கேலாவுலயும் ராஞ்சியிலயும் மாமா."

"தமிழ்நாட்டுல?"

"ஒரு மேட்ச்கூட இல்ல. இந்தத் தடவைதான் சென்னையில."

"அப்ப நீங்க ஆரும் ஒங்க டீம நேருல பாத்ததே இல்லியா?"

இல்லை. தொலைபேசித் திரையில்தான் பார்த்தோம். அவர் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் மணலைப் பார்த்தபடி இருந்துவிட்டு, "பாக்காமலே இவ்வளவு சண்டை போடணும்னா பெரிய பிரியம்தான்" என்றார்.

சென்டர் ஹாஃப் அப்போதுதான் வாயைத் திறந்தான். அவன் அணி விலகிப்போன கதையைச் சொன்னான். மாமாவுக்குப் புரியவில்லை. விலகுவது என்றால்? கிளப்பை மூடிவிட்டார்களா? பையன்கள் எங்கே போனார்கள்? உரிமையாளர், ஏலம், ஒப்பந்தம் எல்லாம் விளக்கிச் சொன்னதும் தலையாட்டிக்கொண்டு தன் கிளப்பைப் பற்றிச் சொன்னார். மீன் ஏலத்தில் ஒரு சின்னப் பங்கு கிளப்புக்கு ஒதுக்குவார்களாம். மீன்பாடு இல்லாத மாசத்தில் அது வராது. அப்போது வளைகுடாவில் இருக்கிற பையன்கள் அனுப்புவார்கள். ஓகி புயலுக்கு அடுத்த கிறிஸ்துமஸில் போட்டி நடத்தவில்லை. யாருக்கும் மனம் வரவில்லை. மறுவருஷம் மறுபடி நாலு கம்பம் நட்டார்கள். "எங்க கிளப்ப வேண்டாம்னு சொல்லிட்டு ஆரு போவ முடியும்? போனா திரும்ப இந்தக் கரையில ஏற முடியாதே" என்றார்.

2017 நவம்பர் கடைசியில் வந்த ஓகியில் இந்தக் கரையிலிருந்து கடலுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. மாமா அதற்கு மேல் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்த பாதி தொடங்கியது. மஞ்சள் பனியன் அணி 2-1. ஜெயித்தவர்கள் தோற்ற அணிக்காரர்களைத் தூக்கிக்கொண்டு கடல் பக்கம் ஓடினார்கள்.

நாகர்கோவில் திரும்ப ராத்திரி பதினொன்றரை. காரில் யாரும் பேசவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு: கன்னியாகுமரி, திற்பரப்பு

சபரிமலை சீசனில் ஞாயிற்றுக்கிழமை கன்னியாகுமரிக்குப் போகக் கூடாது. எங்களுக்கு முன்கூட்டி யாரும் இதைச் சொல்லவில்லை. வண்டி நிறுத்த 100 ரூபாய், அதுவும் ஒரு கிலோமீட்டர் தள்ளி. படகுக்கு நின்ற வரிசையின் வால் எங்கே என்று தேடியே அரை மணி நேரம் போனது. மேகத்துக்குள் சூரியன் எப்போது எழுந்தது என்றும் தெரியவில்லை. கரையிலிருந்தே 133 அடி வள்ளுவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டோம்.

விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் 2024 டிசம்பர் 30-ல் திறந்த கண்ணாடிப் பாலம் தூரத்தில் தெரிந்தது. 77 மீட்டர் நீளம். ஃபுல் பேக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மனக்கணக்குப் போட்டான். ஹாக்கி மைதானம் 91.4 மீட்டர். டியின் தூரம் 14.63. கழித்தால் கிட்டத்தட்ட 77. "நம்ம கோல் கோட்டுலேருந்து எதிராளி டி வரைக்கும் சரியா இந்தப் பாலம் நீளம்டே" என்றான். அப்புறம் அந்தப் பாலத்தை நான் வேறு எதுவாகவும் பார்க்கவில்லை. சங்கு கடைக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டிருக்க, நாங்கள் ஐந்து பேரும் அதன் மேல் யார் எந்த இடத்தில் நிற்பது என்று பேசிக்கொண்டு நின்றோம்.

மதியம் திற்பரப்பு. வழியில் மட்டிப்பழம் வாங்கினோம், கிலோ 90. விரல் அளவுப் பழம், தோல் காகிதம் மாதிரி, உரித்ததும் வருகிற வாசனையை எழுத எனக்குத் தெரியவில்லை. 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்கு அதற்கு முன்பே கிடைத்துவிட்டது என்று பழக்கடை அக்காவிடம் சொன்னேன். "அப்ப அடுத்த தடவ வரும்ப கொண்டு வாங்க, மாத்திக்கிடுவோம்" என்றார்.

அருவியில் தண்ணீர் அளவாக விழுந்தது, பயமில்லாத வேகம். கோலி சட்டையைக் கழற்றாமலே உள்ளே போய்விட்டான். பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்து பையில் கைவிட்டவன் முகம் வெளுத்துவிட்டது. போன சீசனுக்கு எழுதிய சீட்டு. எடுத்தால் வெள்ளைக் கூழ். ஐந்து கையெழுத்தும் போயிற்று.

இதற்குப் போய் வருத்தமா என்று கேட்கலாம். அந்தத் தாள் ஒன்றுதான் எங்களிடம் இருந்த சாட்சி. டிராகன்ஸ் நாலாம் இடம் என்று நான் எழுதியிருந்தேன், சத்தியமாக. கோலி இரண்டாம் இடம் என்று எழுதினான் என்பது என் நினைவு. இல்லை, நான்தான் நாலு என்று எழுதினேன் என்கிறான் அவன். ரைட் அவுட் புலிகளை முதலிடத்தில் போட்டதை மட்டும் எல்லாரும் ஒத்துக்கொண்டோம். கோலி அன்று சாயங்காலம் முழுவதும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு கோலை விட்டுவிட்டால் பள்ளிக்கூட நாளிலும் இப்படித்தான் இருப்பான்.

பாறையில் வழுக்கி என் வலது கணுக்காலும் பிசகியது. ராத்திரி அத்தை எண்ணெயைச் சூடாக்கித் தடவச் சொன்னார். தடவிக்கொண்டே மதுரையை நினைத்துக்கொண்டிருந்தேன். டிசம்பர் 2 அன்று ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியா சுவிட்சர்லாந்தை 5-0 என்று வென்றதை நாங்கள் மதுரையில் நேரில் பார்த்தோம். புது டர்ஃப், நீல நிறம், தண்ணீர் தெளித்ததும் அது மின்னிய மின்னல். பக்கத்து ஊரில் உலகக் கோப்பை நடக்கும் என்று யாராவது எங்கள் சாரிடம் அன்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று உதை வாங்கிய அதே பையன்கள், 10-ஆம் தேதி சென்னையில் அர்ஜென்டினாவிடம் இரண்டு கோல் பின்தங்கி, கடைசிக் கால்வாசியில் நாலு கோல் போட்டு வெண்கலம் வாங்கினார்கள். பயிற்சியாளர், இந்தியாவின் முன்னாள் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ். அந்த நாலாவது கோலுக்கு ஃபுல் பேக் வீட்டில் டிவி ஸ்டாண்டே ஆடியது.

டிசம்பர் 22, திங்கள்: தக்கலை, ஊர் திரும்பல்

பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமை விடுமுறை. உள்ளூர்க்காரனான ரைட் அவுட் இதை மறந்திருக்கக் கூடாது. பூட்டிய வாசலைப் பார்த்தபடி எதிரே ஒரு பெட்டிக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். சுக்குக் காப்பியும் ஏத்தம்பழப் பஜ்ஜியும். பஜ்ஜி 15 ரூபாய், ஒன்று தின்றாலே வயிறு நிறைகிறது. மழை வருவதும் நிற்பதுமாக இருந்தது.

பேச்சுவாக்கில் கடைக்காரர் சொன்னார். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனை மட்டும் இன்றைக்கும் கேரள அரசின் தொல்லியல் துறையிடம்தான் இருக்கிறது. நிலம் இங்கே, நிர்வாகம் அங்கே. "எங்களுக்கு என்ன, எங்க ஊரு அரண்மனைதானே. பூட்டு ஆரு கையில இருந்தா என்ன" என்றார்.

சென்டர் ஹாஃப் காப்பியைக் கீழே வைத்துவிட்டு ஒரு தாள் கேட்டான். நான் டைரியிலிருந்து கிழித்துக் கொடுத்தேன். எங்களை எழுதச் சொல்லிவிட்டு அவன் கடைசியில் எழுதுவதாகச் சொன்னான்.

ரைட் அவுட் முதலில். புலிகள் இறுதிப் போட்டி வரை, கோப்பை இல்லை. இரண்டு முறை தொடர்ந்து ஜெயிப்பது கஷ்டம், பழைய லீக்கிலும் ஐந்து வருஷத்தில் யாரும் அப்படி ஜெயிக்கவில்லை என்றான். ஃபுல் பேக் தூஃபான்ஸுக்குக் கோப்பை என்று அழுத்தி எழுதினான். போன பிப்ரவரியின் ஒரு கோல் அவனை இன்னும் தூங்கவிடவில்லை. கோலி டிராகன்ஸுக்கு இரண்டாம் இடம்.

என் முறை வந்தபோது நெடுநேரம் யோசித்தேன். போன சீசன் டிசம்பர் 28 முதல் பிப்ரவரி 1 வரை நீண்டது. இந்த முறை ஜனவரி 3-ல் தொடங்கி 26-ல் முடிகிறது. நாள் குறைந்தால் ஒரு தோல்வியின் கனம் கூடும், எழுந்து நிற்க நேரம் கிடைக்காது. ஆகஸ்டில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் உலகக் கோப்பை, அதற்குப் பின்னால் நகோயாவில் ஆசிய விளையாட்டு. இந்திய அணியில் இடம் பிடிக்க நினைக்கிற ஒவ்வொரு பையனும் இந்த ஜனவரியில் உயிரைக் கொடுத்து ஆடுவான். அது டிராகன்ஸுக்கும் நல்லது, மற்ற ஏழு அணிகளுக்கும் நல்லது. ஆனால் முதல் ஆட்டங்கள் சென்னையில். 2023-ல் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கிய இந்தியா 4-3 என்று ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்றதே, அதே மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம். அன்று கேலரி போட்ட சத்தத்தில் கோல் விழுந்தது என்று நான் இன்றும் சொல்வேன். அந்தச் சத்தம் டிராகன்ஸுக்கு இது வரை ஒரு நாளும் கிடைத்ததில்லை. மூன்றாம் இடம் என்று எழுதினேன். அதன் கீழே சின்ன எழுத்தில், பெண்கள் அணி எப்போது என்றும் எழுதினேன். அது கணிப்பு இல்லையே என்று ஃபுல் பேக் சொன்னான். இருக்கட்டும் என்றேன்.

சென்டர் ஹாஃப் தாளை வாங்கினான். அணியின் பெயர் எழுத வேண்டிய இடத்தில், 'ருத்ராஸில் ஆடின பையன்கள், எந்த டீமுக்குப் போயிருந்தாலும்' என்று எழுதினான். இடம் என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

கோலி எழுந்து போய் ஏத்தங்காய் உப்பேரி அரைக் கிலோ வாங்கிவந்தான். உப்பேரியை எங்கள் மடியில் கொட்டிவிட்டு, அந்தப் பிளாஸ்டிக் கவரைத் துண்டால் துடைத்து, சீட்டை நாலாக மடித்து உள்ளே போட்டு, வாயைச் சுருட்டி ரப்பர் பேண்டு மாட்டினான். பிறகு சட்டைப் பையில் வைத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டான்.

ஆரல்வாய்மொழி தாண்டியதும் மழை நின்றது. ஜனவரி 2 ராத்திரி ரயிலில் ஐந்து பேருக்கும் இடம் உறுதியாகிவிட்டது. வீரன்ஸ் பனியனை நேற்று துவைத்துக் காயப்போட்டேன். வயிற்றில் கொஞ்சம் பிடிக்கிறது, போட்டுக்கொள்ள முடிகிறது.